அமெரிக்க ராணுவ டிஸ்சார்ஜ் பேப்பரை மாத்தச் சொல்லி மனு போடுறது எப்படி: முதல் தடவை போடுறவங்களுக்கு

அமெரிக்க ராணுவத்துல இருந்து சரியில்லாத டிஸ்சார்ஜோட வெளிய வந்தவங்க அதை மாத்தச் சொல்லி எப்படி மனு போடுறதுன்னு தமிழ்ல யாராவது எழுதியிருக்காங்களான்னு ரொம்ப நாள் தேடிப் பாத்தேன், கண்ணுல படல, அதான் நானே எழுதிடலாம்னு உக்காந்துட்டேன். நம்ம ஆளுங்களுக்கும் அமெரிக்க ராணுவத்துக்கும் என்னங்க சம்பந்தம்னு கேப்பீங்க. 2009ல இருந்து மேவ்னின்னு ஒரு திட்டம் ஓடுச்சு. கிரீன் கார்டு இல்லாம ஸ்டூடண்ட் விசால இருக்கிற பசங்க கூட ராணுவத்துக்கு வேணும்கிற மொழி ஒண்ணு தெரிஞ்சா சேரலாம், அந்த மொழி லிஸ்ட்ல தமிழும் இருந்துச்சு, மலையாளம் சிங்களம் எல்லாம் இருந்துச்சு. 2016ல புதுசா ஆள் எடுக்கிறத நிறுத்துறதுக்குள்ள எல்லா மொழிக்காரங்களையும் சேத்து பத்தாயிரம் பேருக்கு மேல சேந்துட்டாங்க. அதுல நல்லபடியா முடிச்சு வந்தவங்கதான் நிறைய பேரு, ஆனா ஒரு தப்பான பேப்பரோட வெளிய வந்து வீட்ல கூட சொல்லாம இருக்கிறவங்களும் இருக்காங்க. அவங்களுக்காகத்தான் இது.

நான் வக்கீல் கிடையாது. டெக்சாஸ்ல ஒரு இலவச சட்ட உதவி கிளினிக்ல சனிக்கிழமை சனிக்கிழமை போய் பேப்பர் அடுக்கிக் கொடுக்கிற வாலண்டியர். அங்கதான் ஒரு பையன் வந்தான், பேரு வேண்டாம், தம்பின்னே சொல்றேன், அவன்கிட்ட கேட்டுட்டு அடையாளம் தெரியாத மாதிரி சில விவரத்தை மாத்திட்டுதான் எழுதுறேன். 2014ல மேவ்னில சேந்து, ட்ரெய்னிங் முடியும்போதே சிட்டிசன்ஷிப் வாங்கி, ஆர்மில டிரக் ஓட்டினவன். 2017 ஜனவரில ஓடிஹெச்ங்கிற மோசமான வகை டிஸ்சார்ஜ் பேப்பரோட வெளிய வந்தான். 2020ல தானே மனு போட்டு, மறுத்துட்டாங்கன்னு லெட்டர் வந்து, அதுக்கப்புறம் ஒரு வருஷம் அந்த லெட்டரை யார்கிட்டயும் காட்டாம வச்சிருந்துட்டு எங்ககிட்ட வந்தான். "அக்கா, இதுக்கு மேல ஒண்ணும் இல்லல்ல?"ன்னுதான் முதல் கேள்வி. இருக்கு, நிறைய இருக்கு.

முதல்ல கையில இருக்கிற பேப்பரைப் படிங்க

டிடி 214ன்னு ஒரு பேப்பர் கொடுத்திருப்பாங்க, ராணுவத்துல இருந்து வெளிய வந்த எல்லாருக்கும் அதுதான் சர்ட்டிபிகேட். அதுல ரெண்டு விதமான காப்பி உண்டு. சின்ன காப்பில உங்களை எப்படி அனுப்பினாங்கங்கிற விவரமே இருக்காது, முழு காப்பி, அதாவது மெம்பர் 4ன்னு போட்டிருக்கிறதுதான் வேணும். அதோட அடிப்பகுதிய பாருங்க. 24வது கட்டத்துல உங்க சர்வீஸ் எப்பேர்ப்பட்டதுன்னு எழுதியிருக்கும், 26ல ஒரு செபரேஷன் கோடு, 27ல திரும்ப சேர முடியுமாங்கிறதுக்கு ஒரு கோடு, 28ல எதுக்காக அனுப்பினாங்கன்னு காரணம். தம்பியோட பேப்பர்ல 26ல கேஎஃப்எஸ்னு மூணே எழுத்து, 28ல கோர்ட் மார்ஷலுக்கு, அதாவது ராணுவ கோர்ட் விசாரணைக்கு, பதிலா வெளியேற்றம்னு ஒரு வரி. வேலைக்குப் போற இடத்துல எல்லாம் அந்த ஒரு வரிய படிச்சிட்டு நிமிர்ந்து பாப்பாங்களாம், அந்தப் பார்வை தாங்க முடியாம செக்யூரிட்டி வேலைக்கு அப்ளை பண்றதையே விட்டுட்டான்.

டிஸ்சார்ஜ் அஞ்சு வகை. ஹானரபிள்னா முழு மரியாதையோட. ஜெனரல்னா பரவால்ல ரகம். அதர் தேன் ஹானரபிள், அதைத்தான் ஓடிஹெச்னு சொல்றோம், கோர்ட் இல்லாம ஆபீஸ் லெவல்லயே கொடுக்கிறதுல மோசமானது இதுதான். பேட் காண்டக்ட், டிஸ்ஹானரபிள் ரெண்டும் கோர்ட் மார்ஷல் தண்டனையா மட்டும்தான் வரும். சர்வீஸ் ஆரம்பத்துலயே அனுப்பினா எந்த முத்திரையும் இல்லாம விட்டுருவாங்க, அது தனி.

ஜெனரல் இருந்தா விஏ, அதாவது முன்னாள் ராணுவத்தினருக்கான அரசாங்கத் துறை, கொடுக்கிற வைத்தியம், ஊனத்துக்கான பணம், வீட்டுக் கடன் எல்லாம் பெரும்பாலும் கிடைக்கும், ஆனா படிப்புச் செலவுக்கான ஜிஐ பில் கிடைக்காது, அதுக்கு ஹானரபிளே வேணும். ஓடிஹெச்னா ஒவ்வொண்ணுக்கும் போராட்டம்தான். மேவ்னில வந்தவங்களுக்கு இன்னொரு பெரிய விஷயம் இருக்கு, இதை யாரும் சொல்றதில்ல. போர்க்கால சர்வீஸ் மூலமா சிட்டிசன் ஆனவங்க, மொத்தம் அஞ்சு வருஷம் நல்லபடியா சர்வீஸ் பண்றதுக்கு முன்னாடி ஓடிஹெச் மாதிரி பேப்பரோட வெளிய வந்தா அந்த சிட்டிசன்ஷிப்பையே திரும்ப வாங்க சட்டத்துல இடம் இருக்கு. தானா போயிடாது, அரசாங்கம் அதுக்குன்னு நடவடிக்கை எடுத்தாத்தான். ஆனா அந்த நிலைமைல இருக்கிறவங்க இமிக்ரேஷன் தெரிஞ்ச வக்கீல்கிட்ட பேசாம எந்த ஃபார்மும் அனுப்பாதீங்க, ஊர்ல இருந்து அப்பா அம்மாவ கூப்பிடுற ஃபார்ம் உட்பட.

இன்னொண்ணு. "ஆறு மாசம் கழிச்சு தானா ஹானரபிள் ஆயிடும்"னு வெளிய அனுப்பும்போது நிறைய பேருக்கு சொல்லியிருக்காங்க, தம்பிக்கும் சொன்னாங்க. அது பொய். எதுவும் தானா மாறாது. மனு போட்டாத்தான், அதுவும் ஆதாரத்தோட போட்டாத்தான்.

எந்தக் கதவைத் தட்டணும்

ரெண்டு போர்டு இருக்கு. வெளிய வந்து 15 வருஷத்துக்குள்ளன்னா டிஸ்சார்ஜ் ரிவ்யூ போர்டு, ஃபார்ம் டிடி 293. ஆர்மிக்கு ஒண்ணு, நேவிக்கும் மரீனுக்கும் சேத்து ஒண்ணு, ஏர் ஃபோர்ஸுக்கு ஒண்ணு, கோஸ்ட் கார்டுக்கு ஒண்ணுன்னு தனித்தனி. ஜெனரல் கோர்ட் மார்ஷல்ல, அதாவது கோர்ட் மார்ஷல்லயே பெரிய வகைல, வந்த தண்டனைய இந்த போர்டு தொடாது. 15 வருஷம் தாண்டிடுச்சுன்னாலோ, ஜெனரல் கோர்ட் மார்ஷல்னாலோ, மெடிக்கல் ரிட்டயர்மெண்ட்டா மாத்தணும்னாலோ, 27வது கட்டத்துல இருக்கிற கோடை மாத்தணும்னாலோ ரெக்கார்டைத் திருத்துற போர்டுக்குப் போகணும், அது ஃபார்ம் டிடி 149. அங்க தப்பைக் கண்டுபிடிச்ச நாள்ல இருந்து மூணு வருஷம்னு கெடு போட்டிருக்கும், அதைப் பாத்து பயந்துடாதீங்க, நியாயத்துக்காக அந்தக் கெடுவைத் தளர்த்த அவங்களுக்கு அதிகாரம் இருக்கு, ஏன் லேட்டாச்சுன்னு மட்டும் விளக்கி எழுதணும். வியட்நாம் போர்ல இருந்து வந்தவங்க இன்னைக்கும் அங்கதான் மனு போடுறாங்க. பிடிஎஸ்டின்னு, பெரிய அதிர்ச்சிக்கு அப்புறம் மனசுல வர்ற ஒரு நோய்க்கு டாக்டர்ங்க புத்தகத்துல பேரே 1980லதான் வந்துச்சு, அதுக்கு முன்னாடி வெளிய வந்தவரு எப்படிங்க சர்ட்டிபிகேட் காட்ட முடியும்?

15 வருஷத்துக்குள்ள இருந்தா முதல் போர்டுக்குத்தான் முதல்ல போகணும், நேரா ரெண்டாவதுக்குப் போனா பெரும்பாலும் திருப்பி அனுப்பிடுவாங்க. ரெண்டுலயும் மறுத்தாச்சு, டிஸ்சார்ஜ் 2019 டிசம்பர் 20 அன்னைக்கோ அதுக்கப்புறமோ நடந்ததுன்னா மேல்முறையீட்டுக்கு இன்னொரு போர்டும் இருக்கு. அதுக்கும் மேல ஃபெடரல் கோர்ட்.

ஃபீஸ் எதுவும் கிடையாது. முதல் போர்டு உங்க பேப்பரை இப்ப இருக்கிறதை விட மோசமா மாத்த முடியாது, அதனால போட்டா இன்னும் கெடுத்துருவாங்களோன்னு பயப்பட வேண்டாம். 15 வருஷம் இருக்கேன்னு தள்ளிப் போடவும் வேண்டாம், சாட்சி சொல்ல வேண்டிய ஃப்ரெண்ட்ஸ் நம்பர் மாத்திட்டுப் போயிடுவாங்க.

ரெக்கார்டு வரவழைக்கிறது

எல்லாரும் அவசரப்பட்டு தாண்டிப் போற இடம் இது. தம்பி முதல் தடவை டிடி 293ஐ மட்டும் நிரப்பி கூட ஒரு பக்க கடிதம் வச்சு அனுப்பியிருந்தான், அவ்ளோதான். தன்னோட ஃபைல்ல என்ன இருக்குன்னே அவன் பாத்ததில்ல.

மிசோரி மாநிலத்துல செயின்ட் லூயிஸ்ல தேசிய ஆவணக் காப்பகத்தோட பர்சனல் ரெக்கார்ட்ஸ் சென்டர் இருக்கு, எஸ்எஃப் 180ங்கிற ஃபார்ம் போட்டோ ஆன்லைன்லயோ கேக்கலாம். கேக்கும்போது சும்மா ரெக்கார்டு வேணும்னு எழுதாதீங்க, டிடி 214ஐ மட்டும் அனுப்பிட்டு முடிச்சுருவாங்க. முழு பர்சனல் ஃபைல், வெளியேத்தினப்போ போட்ட மொத்த பேக்கெட், ஆர்ட்டிகிள் 15 பேப்பர் (கோர்ட் இல்லாம மேல் அதிகாரியே கொடுக்கிற தண்டனை), கவுன்சலிங் பேப்பர் (தப்பைச் சொல்லி மேல் அதிகாரி எழுதிக் கொடுக்கிறது) எல்லாம்னு ஒவ்வொண்ணா எழுதுங்க. மெடிக்கல் ரெக்கார்டு பெரும்பாலும் வேற இடத்துல இருக்கும், அதைத் தனியா கேக்கணும். பழைய ஆளுங்களுக்கு ஒரு விஷயம், 1973 ஜூலை 12ல அந்த செயின்ட் லூயிஸ் கட்டடத்துல பெரிய தீ, ஒன்றரைக் கோடிக்கு மேல ஃபைல் எரிஞ்சு போச்சு, 1960க்கு முன்னாடி ஆர்மில இருந்து வந்தவங்களோடது முக்கால்வாசிக்கு மேல இல்ல. அப்படி இருந்தா எரிஞ்சிடுச்சுன்னு அவங்க கொடுக்கிற பதிலையே மனுவோட சேத்து, வேற வழில ஆதாரம் திரட்டணும்.

தம்பிக்கு மெடிக்கல் ரெக்கார்டு ஒரு சிடில வந்துச்சு, நானூறு பக்கத்துக்கு மேல. நானும் அவனும் ரெண்டு சனிக்கிழமை உக்காந்து ஒவ்வொரு பக்கமா பாத்தோம், பல் டாக்டர் பேப்பர், தடுப்பூசி, முட்டி வலி. அறுபத்தி சொச்சமாவது பக்கத்துல 2016 மார்ச் தேதி போட்டு ரெண்டே வரி, வாகனம் கவிழ்ந்தது, தலையில் அடி, தலைசுற்றல், பணிக்குத் திரும்பலாம். அந்தப் பக்கத்தைப் பாத்ததும் பையன் எழுந்து வெளிய போயிட்டான். கொஞ்ச நேரம் கழிச்சு வந்து, "இதை எழுதி வச்சிருக்காங்களாக்கா? எங்கயுமே இல்லைனு நெனச்சேன்"னான். அன்னைக்குத்தான் எனக்கே கதை தெரிஞ்சுது. ராத்திரி ட்ரெய்னிங்ல டிரக் கவுந்திருக்கு, ஓட்டினது இவன், பக்கத்துல உக்காந்திருந்த பையன் இறந்துட்டான். முதல் மனுல இதைப் பத்தி ஒரு வார்த்தை கூட இல்ல.

கடிதம்

மத்த எல்லாத்தையும் விட இதுக்குத்தான் அதிக நேரம் கொடுக்கணும், நானும் இதைப் பத்திதான் அதிகமா சொல்லப் போறேன்.

நமக்கு மனுன்னா கலெக்டர் ஆபீஸ் மனுதான் தெரியும். உயர்திரு ஐயா அவர்களுக்கு, என் குடும்பம் ரொம்ப கஷ்டத்துல இருக்கு, கருணை காட்டுங்கன்னு. தம்பியோட முதல் கடிதம் அப்படியே ஆங்கிலத்துல அதுதான். 41 நாள் சொல்லாம கொள்ளாம போனது என் தப்பு, அதுக்கு எந்தக் காரணமும் சொல்ல விரும்பல, அம்மா அப்பாவுக்கு வயசாயிடுச்சு, தயவு பண்ணி மன்னிக்கணும். படிக்கிறவங்களுக்கு மனசு இளகலாம், ஆனா அதை வச்சு அவங்களால ஒண்ணும் பண்ண முடியாது. போர்டு கேக்கிறது ரெண்டே கேள்வி, உங்களை அனுப்பின முறைல சட்டத் தப்பு இருந்துச்சா, இல்ல அந்த முடிவு நியாயம் இல்லாததா? இந்த ரெண்டுக்கும் பதில் இல்லாத கடிதத்தை வச்சு அவங்க எதைப் பிடிச்சு மாத்துவாங்க?

2014ல பாதுகாப்பு அமைச்சரா இருந்த சக் ஹேகல் ஒரு உத்தரவு போட்டாரு, பிடிஎஸ்டி இருந்தவங்களோட மனுவ தாராள மனசோட பாக்கணும்னு. 2017 ஆகஸ்ட்ல பாதுகாப்புத் துறைல இருந்து வந்த கர்ட்டா மெமோ (எழுதின அதிகாரியோட பேரு அது) அதை விரிவாக்கி, தலையில அடி பட்டது, மனநோய், பாலியல் கொடுமை எல்லாத்தையும் சேத்து, நாலு கேள்வி கொடுத்துச்சு. உங்க நடத்தைக்குக் காரணமா இருக்கக்கூடிய நோயோ அனுபவமோ இருந்துச்சா? அது சர்வீஸ்ல இருக்கும்போது நடந்துச்சா? நீங்க பண்ண தப்புக்கு அது நிஜமாவே காரணமா, இல்ல தப்போட கனத்தையாவது குறைக்குதா? அப்படிக் குறைக்கிறது அந்த டிஸ்சார்ஜை விட எடை கூடினதா? உங்க கடிதம் இந்த நாலு கேள்விக்கும் வரிசையா பதில் சொல்லணும், இதை ஒரு பேப்பர்ல எழுதி கம்ப்யூட்டர் பக்கத்துல ஒட்டி வச்சுக்கோங்க.

மூணாவது கேள்விலதான் முக்காவாசி பேரு விழுறாங்க. எனக்கு பிடிஎஸ்டி இருக்குன்னு டாக்டர் லெட்டர் வச்சிருப்பாங்க, தப்பு பண்ணேன்னும் எழுதியிருப்பாங்க, ரெண்டுக்கும் நடுவுல பாலம் இருக்காது. அதை நீங்கதான் கட்டணும், போர்டு கட்டாது. தம்பிக்கு அந்தப் பாலம் கிடைச்சது தேதியில. ஒரு பெரிய சார்ட் பேப்பர்ல அவனோட மூணு வருஷத்தையும் கோடு போட்டு தேதி தேதியா எழுதினோம். 2016 மார்ச்சுக்கு முன்னாடி ஒரு கவுன்சலிங் பேப்பர் கூட கிடையாது, நல்ல வேலைக்கு ஒரு பதக்கம் வேற. மார்ச்சுக்கு அப்புறம் நாலு மாசத்துல ஏழு கவுன்சலிங் பேப்பர், லேட்டா வந்தான், தூங்கிட்டான், குடிச்ச வாடை அடிக்குது. ஜூலைல 41 நாள் ஆளக் காணோம். ஏன் அந்த நாள்னு கேட்டேன், அவனுக்கே தெரியல. அப்புறம் கூட இருந்த ஒரு ஃப்ரெண்ட்டுக்கு மெசேஜ் போட்டப்போ அவன் சொன்னான், "அன்னைக்குத்தான்டா உன்னை மறுபடி டிரைவர் லிஸ்ட்ல போட்டாங்க."

ரெண்டாவது கடிதத்துல அந்தப் பத்தி இப்படி வந்துச்சு, தமிழ்ல சொல்றேன்: "டிரக் கவுந்ததுக்கு அப்புறம் ஸ்டீரிங்ல கை வச்சா கை நடுங்கும். தூங்கினா அவன் என்னைக் கூப்பிடுற சத்தம் கேக்கும், அதனால தூங்காம இருக்கக் குடிச்சேன், அப்புறம் தூங்குறதுக்கும் குடிச்சேன். ஜூலைல என்னை மறுபடி டிரக் ஓட்டப் போட்டாங்க. அன்னைக்குக் காலைல வண்டி நிக்கிற இடம் வரைக்கும் நடந்து போனேன், இன்ஜின் சத்தம் கேட்டுச்சு, திரும்பி கேட்டுக்கு வெளிய நடந்துட்டேன்." இதுல மன்னிப்புங்கிற வார்த்தையே இல்ல பாருங்க. மன்னிப்பு கேக்கக்கூடாதுன்னு சொல்லல, செஞ்சதை ஒத்துக்கிற ஒரு பத்தி கட்டாயம் வேணும், மேல் அதிகாரியத் திட்டி எழுதினா எடுபடாது. ஆனா அது கடைசில ஒரு பத்தியா வந்தா போதும்.

நம்ம பசங்க இதை எழுதாம விடுறதுக்குக் காரணம் எனக்கு நல்லாவே புரியுது. மனசு சரியில்லைன்னு எழுத்துல போட்டுட்டா பைத்தியம்னு முத்திரை குத்திருவாங்க, நாளைக்குப் பொண்ணு பாக்கும்போது யாராவது தோண்டி எடுத்துருவாங்கன்னு பயம். போர்டோட முடிவை எல்லாரும் படிக்கிற மாதிரி வெளியிடுவாங்கதான், ஆனா பேரு மாதிரி அடையாள விவரத்தை எடுத்துட்டுதான் போடுவாங்க. சொல்லப்போனா அதை நீங்களும் உக்காந்து படிக்கணும், பாதுகாப்புத் துறையோட ஆன்லைன் ரீடிங் ரூம்ல ஆயிரக்கணக்கான முடிவு இருக்கு, உங்களோடது மாதிரி கேஸ்ல எதை ஏத்துக்கிட்டாங்க, எதைத் தள்ளினாங்கன்னு பத்து படிச்சாலே பிடிபட்டுரும்.

டாக்டர் சர்ட்டிபிகேட் எதுவும் இல்லன்னாலும் விட்டுடாதீங்க. உங்க சொந்த வாக்குமூலமே போதுமான ஆதாரமா இருக்கலாம்னு அந்த 2017 மெமோலயே இருக்கு. ஹானரபிள் வாங்க அப்பழுக்கில்லாத சர்வீஸ் தேவையில்லன்னும் அதுலயே இருக்கு. 2018 ஜூலைல வந்த வில்கி மெமோ இன்னும் ஒரு படி மேல போய், நோய் எதுவும் இல்லாதவங்களுக்கும் வழி வச்சுது, தப்பு நடந்து எத்தனை வருஷம் ஆச்சு, அப்ப என்ன வயசு, வெளிய வந்து எப்படி வாழுறாங்க, இன்னைக்கு அதே தப்புக்கு இவ்ளோ தண்டனை கொடுப்பாங்களான்னு எல்லாம் பாக்கச் சொல்லுது. ஓரினச்சேர்க்கையாளர்ங்கிற காரணத்துக்காகவே அனுப்பப்பட்டவங்களுக்கு வழி இன்னும் சுலபம். 1993ல வந்த கேக்காதே சொல்லாதே சட்டம் 2011 செப்டம்பர்ல ஒழிஞ்சுடுச்சு, வேற தப்பு எதுவும் ரெக்கார்டுல இல்லன்னா காரணத்தையும் வகையையும் மாத்திக் கொடுக்கணும்னு வழிகாட்டுதலே இருக்கு.

கூட வைக்க வேண்டியது

டாக்டர் லெட்டர் வாங்கும்போது இவருக்கு பிடிஎஸ்டின்னு மட்டும் எழுதி வாங்காதீங்க. டிஸ்சார்ஜ் பேக்கெட்டைக் கையில கொடுத்து, படிச்சுட்டு, இந்த நோய்க்கும் அந்த நடத்தைக்கும் என்ன தொடர்புன்னு எழுதச் சொல்லுங்க, நான் இவரோட ராணுவ ரெக்கார்டைப் படிச்சேன்னு ஒரு வரி கட்டாயம் இருக்கணும். கூட இருந்தவங்க எழுதுற லெட்டர் அதே மாதிரி கண்ணால பாத்ததா இருக்கணும். தம்பியோட ஃப்ரெண்ட் எழுதினது முக்கால் பக்கம்தான், இவன் நல்லவன் வல்லவன்னு ஒண்ணும் இல்ல. விபத்துக்கு அப்புறம் ரூம்ல லைட்டை அணைக்க விடமாட்டான், டிரக் பக்கம் வந்தா சுவரோரமாவே நடப்பான், ஜூலைல லிஸ்ட்ல பேரு பாத்துட்டு ஒண்ணும் பேசாம படுத்துட்டான்னு எழுதியிருந்தான். எங்க வக்கீல் அதைப் படிச்சுட்டு இந்த ஒரு லெட்டர் போதும்னாரு.

ஊர்ல இருந்து அம்மாவும் எழுதினாங்க, ரூல் போட்ட நோட்டுல ரெண்டு பக்கம் தமிழ்ல. போன்ல பேசும்போது முன்னாடி எல்லாம் மெஸ் சாப்பாட்டைக் குறை சொல்லிட்டே இருப்பான், அந்த வருஷத்துல இருந்து சாப்பிட்டியான்னா சாப்பிட்டேன்னு வச்சுருவான்னு எழுதியிருந்தாங்க. தமிழ்ல வர்ற லெட்டரை ஒதுக்கிடாதீங்க, ஒரிஜினல் காப்பி, ஆங்கில மொழிபெயர்ப்பு, மொழிபெயர்த்தவங்க எனக்கு ரெண்டு மொழியும் தெரியும் இது சரியான மொழிபெயர்ப்புன்னு கையெழுத்துப் போட்ட ஒரு தாள், மூணையும் சேத்து வைங்க. வெளிய வந்தப்புறம் படிச்சது, வேலை பாத்தது, குடியை விட்டதுக்கு மீட்டிங் போன சான்று, கோயில்லயோ தமிழ்ச் சங்கத்துலயோ சேவை செஞ்சது எல்லாம் வைக்கலாம், ஆனா முன்னாடி ஒரு பக்கத்துல எது எந்த நம்பர்ல இருக்கு, எதை நிரூபிக்குதுன்னு பட்டியல் போடுங்க. படிக்கிறவங்களுக்கு நாள் முழுக்க இதே மாதிரி ஃபைலுங்கதான்.

உதவிக்கு ஆள் வேணும்னா அமெரிக்கன் லீஜியன், டிஏவி மாதிரி வெட்டரன், அதாவது முன்னாள் ராணுவத்தினர், சங்கத்துல இலவசமா பிரதிநிதி கிடைப்பாங்க. என்விஎல்எஸ்பிங்கிற தேசிய அமைப்பு இலவச வக்கீல் பிடிச்சுக் கொடுக்கும், ஹார்வர்ட், யேல் மாதிரி லா காலேஜ்ல வெட்டரனுக்குன்னே கிளினிக் இருக்கு. விஏ வெப்சைட்ல நாலஞ்சு கேள்வி கேட்டு எந்த ஃபார்ம், எந்த போர்டு, எங்க அனுப்பணும்னு சொல்ற பக்கமும் உண்டு. நிச்சயம் மாத்தித் தர்றேன்னு முன்பணம் கேக்கிற ஆள்கிட்ட மட்டும் போகாதீங்க. யாராலயும் நிச்சயம் சொல்ல முடியாது.

பேப்பரா, நேர்லயா

முதல் போர்டுல ரெண்டு வாய்ப்பு இருக்கு. பேப்பரை மட்டும் பாத்து முடிவு சொல்லச் சொல்லலாம், மறுத்துட்டா 15 வருஷத்துக்குள்ள ஹியரிங், அதாவது போர்டு முன்னாடி பேசுற விசாரணை, கேக்கலாம். எடுத்ததும் ஹியரிங் போய்ட்டா அந்த பேப்பர் வாய்ப்பு போயிடும். அதனால பொதுவா பேப்பர் முதல்ல, ஹியரிங் அப்புறம்னு சொல்வாங்க. தம்பி முதல் வாய்ப்பை அந்த ஒரு பக்கக் கடிதத்துல செலவழிச்சுட்டான், மிச்சம் இருந்தது ஹியரிங் மட்டும்தான்.

இப்ப வீடியோலயே நடக்குது. பேனல்ல ராணுவ அதிகாரிங்க இருப்பாங்க, மனநோய் சம்பந்தப்பட்ட கேஸ்னா அது தெரிஞ்ச டாக்டரும் இருப்பாரு. ஒப்பிச்ச மாதிரி பேசாதீங்க, கேள்விய முழுசா கேட்டுட்டு பதில் சொல்லுங்க, தெரியாததுக்குத் தெரியலன்னு சொல்லுங்க. "ஏன் அப்பவே யார்கிட்டயும் சொல்லல?"ன்னு கட்டாயம் கேப்பாங்க. தம்பி அதுக்கு மட்டும் தயாராகாம மழுப்பிட்டு இருந்தான், ஒத்திகைல மூணு தடவையும் அங்க வந்து நின்னுடுவான். ஹியரிங் அன்னைக்கு என்ன தோணுச்சோ, "எங்க வீட்ல ஆம்பளைங்க இதையெல்லாம் சொல்ல மாட்டாங்க சார், எனக்கு எந்த வார்த்தைல சொல்றதுன்னே தெரியாது"ன்னான். எனக்குத் தொண்டை அடைச்சுக்கிச்சு.

பதில் வர மாசக்கணக்கு ஆகும், ஒரு வருஷம் தாண்டுறதும் சாதாரணம். அட்ரஸ் மாறினா உடனே எழுதித் தெரிவிங்க, பழைய வீட்டுக்கு லெட்டர் போய் ஹியரிங் தேதி தவறினவங்க இருக்காங்க. முன்னாடி மறுத்தவங்களும் விசாரிச்சுப் பாருங்க, போர்டுகளோட பழைய முடிவுகளை எதிர்த்து வெட்டரன்கள் போட்ட குரூப் கேஸ்ல 2021ல ஆர்மியும் அடுத்த வருஷம் நேவியும் சமரசத்துக்கு வந்து, பிடிஎஸ்டி மாதிரி காரணம் இருந்த பழைய கேஸ்ல ஒரு பகுதியை மறுபடி பாக்க ஒத்துக்கிட்டாங்க.

காத்திருக்கும்போது விஏவையும் கேளுங்க

இது ரொம்ப பேருக்குத் தெரியாது. பேப்பர் மாறினாத்தான் விஏ போக முடியும்னு இல்ல. ஓடிஹெச் இருந்தாலும் விஏல விண்ணப்பம் போட்டா அவங்களே உங்க சர்வீஸை ஆராய்ஞ்சு, எங்க கணக்குல இது பரவால்லன்னு முடிவு பண்ணலாம், 2024 ஜூன்ல அந்த விதிய இன்னும் தளர்த்தினாங்க. அவங்க ஏத்துக்கிட்டாலும் டிடி 214ல எழுத்து மாறாது, அதுக்கு போர்டுதான், ஆனா வைத்தியமும் பணமும் கிடைக்க வழி இருக்கு. ரெண்டையும் ஒரே நேரத்துல ஓட்டலாம். ராத்திரி தனியா இருக்க முடியல, தப்பான யோசனை வருதுன்னா 988ங்கிற உதவி நம்பரை அடிச்சு 1ஐ அழுத்துங்க, டிஸ்சார்ஜ் எதுன்னு யாரும் கேக்க மாட்டாங்க.

பதில் வந்ததும்

தம்பிக்கு 2023 கடைசில வந்துச்சு. ஓடிஹெச்ல இருந்து ஜெனரலுக்கு மாத்தியிருந்தாங்க, 28வது கட்டத்துல காரணத்தையும் மாத்தியிருந்தாங்க. ஹானரபிள் கொடுக்கல. மேல படிக்கணும்னு ஆசைப்படுறான், ஜிஐ பில்லுக்கு ஹானரபிள் வேணும், அதனால டிடி 149 தயார் பண்ணிட்டு இருக்கோம், போர்டு கொடுத்த முடிவோட காரணங்களை வரி வரியா எடுத்து ஒவ்வொண்ணுக்கும் பதில் எழுதுறோம். உங்களுக்கு மறுப்பு வந்தாலும் அந்த லெட்டரைத் தூக்கிப் போடாதீங்க, அடுத்த மனுல எதை நிரூபிக்கணும்னு அதுலதான் எழுதியிருக்கு.

புது டிடி 214 வந்ததும் முதல் வேலை, எல்லாக் கட்டமும் சரியா மாறியிருக்கான்னு பாருங்க, 24 மாறி 28 மாறாம வந்ததும் உண்டு. அப்புறம் விஏ முன்னாடி மறுத்திருந்தா புது பேப்பரோட மறுபடி அப்ளை பண்ணுங்க, தானா கூப்பிட மாட்டாங்க. மேவ்னில வந்தவங்க ஒரு காப்பிய இமிக்ரேஷன் ஃபைலோட சேத்து வைங்க. பழைய பேப்பரையும் போர்டு முடிவையும் தனியா ஒரு கவர்ல போட்டு பத்திரமா வைங்க. தம்பி புதுசை லேமினேட் பண்ணப் போனான், வேண்டாம்டா, சீல் வச்ச காப்பி எடுக்க முடியாமப் போயிடும்னு தடுத்து, நாலு காப்பி எடுத்து, ஒண்ணை அம்மாவுக்கு அனுப்பி வச்சோம்.